அஸ்திவாரத்தில் புதைந்த வழக்கு

மைசூருக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகள் மாலையானால் பிருந்தாவனத் தோட்டத்துக்குத் திரும்பிவிடுகின்றன. நீரூற்றைப் பார்க்க ஏகக் கூட்டம். அதன் பின்னால் நிற்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையின் கதையைப் படித்தவர்கள்தான் சொற்பம்.

படிப்பது சுலபமும் அல்ல. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 அறிக்கை ஐந்து தொகுதிகள். இரண்டாவது தொகுதி 1892, 1924 ஒப்பந்தங்களைப் பற்றியது. கடிதம், ஆட்சேபம், பதில் என்று இரு அரசாங்கங்களும் மாறி மாறி மோதிக்கொள்கின்றன. தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்யலாம். ஆனால் பொறுமையாகப் புரட்டினால் துப்பறியும் கதை தோற்றுவிடும்.

1909-ல் மைசூரின் தலைமைப் பொறியாளரான விஸ்வேஸ்வரய்யாவுக்குக் கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. தேக்க ஆசை. பாசனம் ஒரு காரணம். கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் தந்த சிவசமுத்திரத்துக்குச் சீராகத் தண்ணீர் வேண்டும் என்பது இன்னொன்று. (அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.) மேட்டூரில் தானே அணை கட்ட நினைத்த சென்னை அரசாங்கம் சம்மதிக்கவில்லை. இந்திய அரசு 11 டி.எம்.சி.க்கு மட்டும் அனுமதித்தது. 1911-ல் வேலை தொடங்கியது. தோண்டிய அஸ்திவாரமோ பெரிய அணைக்கானது!

சென்னை கொதித்தது. 1913-ல் நீதிபதி கிரிஃபின் முன் பஞ்சாயத்து. மறு ஆண்டு மே மாதம் வந்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகம். விடாமல் லண்டன்வரை போய் அதை நிறுத்தி வைத்தது சென்னை. கடைசியில் 1924 பிப்ரவரி 18-ல் ஒப்பந்தம்: மைசூருக்கு 44.827 டி.எம்.சி. கொள்ளளவில் அணை, மேட்டூருக்கு 93.5.

மண்டியாவில் கேட்டால், வெள்ளைக்காரச் சென்னை சிறிய சமஸ்தானத்தை மிரட்டி வாங்கிய கையெழுத்து என்பார்கள். தஞ்சையில், அனுமதியை மீறிக் கட்டிய அணை என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் ஒரே தொகுதியில் இருப்பதுதான் வேடிக்கை. அவரவர் தமக்கு வேண்டிய பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள். ஒப்பந்தம் நிர்ப்பந்தத்தில் போட்டது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்கவில்லை. அது 1974-ல் காலாவதியானது என்றும் சொன்னது.

தண்ணீரைப் பங்கு பிரிக்கும் அறிக்கையில், தண்ணீருக்கடியில் போன பழைய கண்ணம்பாடிக்கு இடத்தை எதிர்பார்க்க முடியாது. அந்த ஊரின் வேணுகோபால சுவாமி கோயில் பல்லாண்டுகள் நீருக்குள்ளேயே கிடந்தது. அணை வற்றிய வறட்சி வருடங்களில் மட்டும் கல் மண்டபம் வெளியே தெரியும்.