எல்லை தாண்டும் நிறுவனங்கள், எல்லைக்குள் நிற்கும் புள்ளிவிவரங்கள்

2016 ஜூலையில் அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பு, பொருளியல் அறிஞர்களைத் திகைக்க வைத்தது. 2015-ல் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26.3% வளர்ந்திருந்தது. அதே ஆண்டுக்கான முந்தைய மதிப்பீடு 7.8% மட்டுமே. பொருளியலாளர் பால் க்ருக்மன், அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் குள்ள மாயாவியின் பெயரால் இதை ‘லெப்ரகான் பொருளாதாரம்’ என்று கேலிசெய்தார்.

இதில் விந்தை என்னவென்றால், சர்வதேச விதிகளின்படி அந்தக் கணக்கு சரியானதே. சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துரிமைகளை அயர்லாந்துக்கு மாற்றின. விமானக் குத்தகை நிறுவனங்களின் சொத்துகளும் அங்கே பதிவாயின. அந்த ஓராண்டில் நாட்டின் மூலதன இருப்பு சுமார் 30,000 கோடி யூரோ உயர்ந்தது. உரிமை எங்கே இருக்கிறதோ, வருமானமும் அங்கேயே பதிவாகும். ஆகவே, வேறொரு நாட்டில் ஒப்பந்த அடிப்படையில் தயாராகி, அயர்லாந்து மண்ணைத் தொடாமலே விற்பனையாகும் பொருளும் அயர்லாந்தின் ஏற்றுமதியாகக் கணக்கிடப்படுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றிய நிதிநிலைக்கு ஓர் உறுப்பு நாடு செலுத்தும் பங்கு, அதன் தேசிய வருமானத்தைப் பொறுத்தது. மக்களின் சட்டைப்பைக்கு வராத வருமானம், நாட்டின் பொறுப்பைக் கூட்டிவிடக்கூடும். கடன் சுமையோ உண்மையைவிட இலேசாகத் தோன்றும்.

மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் பிலிப் லேன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2017-ல் ‘திருத்தப்பட்ட தேசிய வருமானம்’ என்னும் புதிய அளவுகோலை அயர்லாந்து அறிமுகப்படுத்தியது. அதன்படி 2016-ன் வருமானம் சுமார் 18,900 கோடி யூரோ. மொத்த உள்நாட்டு உற்பத்தியோ சுமார் 27,500 கோடி. அரசின் கடன், உற்பத்தியோடு ஒப்பிட்டால் 73%. புதிய அளவுகோலோடு ஒப்பிட்டால் 106%. ஒரே கடன், இரு வேறு தோற்றங்கள்!

எனினும், ஒரு நாடு தன் கணக்கை மட்டும் திருத்திக்கொள்வது பாதித் தீர்வுதான். ஒரு சொத்து அயர்லாந்துக்குள் நுழைந்தால், மற்றொரு நாட்டை விட்டு அது வெளியேறியிருக்க வேண்டும். முதல் நாடு வரவு வைத்து, இரண்டாவது நாடு கழிக்கத் தவறினால், ஒரே சொத்து இருமுறை எண்ணப்படும். நிறுவனமோ உலகம் முழுவதையும் ஒரே களமாகப் பார்க்கிறது. புள்ளியியல் அலுவலகத்துக்குத் தெரிவது தன் எல்லைக்குள் இருக்கும் துண்டு மட்டுமே.

இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அமைப்பான யூரோஸ்டாட், முன்னெச்சரிக்கை ஏற்பாடு ஒன்றை உருவாக்கியது. பெரிய நிறுவனம் ஒன்று தன் கட்டமைப்பை மாற்றுவதை ஒரு நாட்டின் அலுவலகம் அறிந்தால், தொடர்புடைய பிற நாடுகளுடன் கலந்து, எல்லோரும் ஒரே முறையில், ஒரே காலகட்டத்தில் பதிவுசெய்ய அது வழிசெய்கிறது.

இங்கே பெரும் தடையாக நிற்பது ரகசியக் காப்பு. நிறுவனங்கள் அளிக்கும் தகவல்களைச் சட்டம் பாதுகாக்கிறது. அயர்லாந்து போன்ற சிறிய நாட்டில், மொத்தத் தொகையை வெளியிட்டாலே அது எந்த நிறுவனம் என்று ஊகித்துவிடலாம். அதனால் 2015-ன் கணக்கில் சில விவரங்களை அந்த அலுவலகம் வெளியிடவில்லை. இந்தப் பாதுகாப்பைத் தளர்த்தினால் நிறுவனங்கள் உண்மையைச் சொல்லத் தயங்கும் என்ற அச்சத்தை நான் புறக்கணிக்கவில்லை. ஆனால், ரகசியத்தைப் பொதுவெளியில் உடைப்பது வேறு. அதே ரகசியக் கடமைக்குக் கட்டுப்பட்ட இரு அலுவலகங்கள் தகவலைப் பகிர்ந்துகொள்வது வேறு. புள்ளியியல் பணிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வரித் துறைக்குச் செல்லக் கூடாது, மீறினால் தண்டனை என்னும் நிபந்தனைகளுடன் இந்தப் பகிர்வைச் சட்டபூர்வமாக்குவதே உரிய வழி என்று கருதுகிறேன்.

வளர்ச்சி விகிதத்தைப் பார்த்துத்தான் அரசுகள் செலவையும் கடனையும் திட்டமிடுகின்றன. அந்த எண், சில நிறுவனங்களின் ஆவண மாற்றத்தால் ஆடிவிடும் என்றால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் அந்த நிறுவனங்கள் அல்ல, குடிமக்களே.