பொம்பெயி – காப்ரி நடைப்பயணம்

பொம்பெயி – காப்ரி நடைப்பயணம் என்பது தென் இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரையும் நேப்பிள்ஸ் வளைகுடாவின் தென்முனையில் உள்ள காப்ரித் தீவையும் ஒரே பயணத்தில் நடந்து பார்ப்பதாகும். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது வளைகுடாவின் எதிர்முனையான மிசேனத்தில் இருந்த இளைய பிளினி, கரிய மேகம் காப்ரியையே கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்று கடிதம் ஒன்றில் குறித்துள்ளார். அவ்வெடிப்பில் இறந்த அவருடைய மாமா மூத்த பிளினிதான் சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றியும் எழுதியவர்.

இரண்டு இடங்களையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாக்கள் உண்டு. நடப்பவர்களுக்கு அவை பயன்படா. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும்.

நாள்களை வகுத்தல்

தங்குவதற்கு சொரெண்டோ நகரம் வசதியானது. இங்கிருந்து காப்ரிக்கு விரைவுப் படகில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். நேப்பிள்ஸையும் சொரெண்டோவையும் இணைக்கும் சிர்க்கும்வெசுவியானா தொடர்வண்டி பொம்பெயி வாயிலருகே நிற்கிறது. இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் 'பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி'. பொம்பெயி என்ற பெயர் கொண்ட வேறு நிலையங்களும் இருப்பதால் முழுப்பெயரையும் பார்த்துக்கொள்வது நல்லது.

திட்டத்தைக் கலைப்பது பெரும்பாலும் கடல்தான். காற்று வலுத்தால் முதலில் விரைவுப் படகுகளும் பிறகு பெரிய படகுகளும் நிறுத்தப்படும். எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் காப்ரியை வைக்கக் கூடாது. பொம்பெயியிலோ 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும், பெயர் பதிந்த நுழைவுச்சீட்டும் நடைமுறையில் உள்ளன. ஆகவே பொம்பெயிக்கு நாளை உறுதிசெய்துவிட்டு, காப்ரிக்கு இரண்டு நாள்களை ஒதுக்கி, அவற்றில் கடல் அமைதியான நாளில் செல்வதே சரியான முறை. மிஞ்சும் நாள் வீணாகாது. அதே தொடர்வண்டிப் பாதையில் ஹெர்குலேனியம் உள்ளது. நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில், பொம்பெயியில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் இருக்கிறது. 'பொம்பெயி இலட்சுமி' என்று அழைக்கப்பட்டாலும், அது இலட்சுமிதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நடக்க ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. பொம்பெயியில் நிழல் மிகக் குறைவு.

பொம்பெயியில்

நகரின் பரப்பு சுமார் 66 எக்டேர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. தெருக்களில் பாவியிருப்பது எரிமலைப் பாறைக் கற்கள். வண்டிச் சக்கரங்கள் ஏறியிறங்கி அவற்றில் ஆழமான தடம் விழுந்திருக்கிறது. மழைநீரும் கழிவும் ஓடிய தெருவைக் கால் நனையாமல் கடக்க உயரமான கற்களை இடையிடையே நட்டிருக்கிறார்கள். சக்கரம் போவதற்கு மட்டும் இடைவெளி விட்டிருக்கிறார்கள். கணுக்காலைத் தாங்கும் காலணி இல்லாமல் இத்தெருக்களில் நாள் முழுவதும் நடப்பது கடினம்.

பெரும்பாலோர் நிலையத்தருகே உள்ள மரீனா வாயிலில் நுழைந்து மன்றத்திலேயே நெரிசலில் சிக்கிக்கொள்கின்றனர். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வெளியே நடந்து, கிழக்கே அரங்க வாயிலில் நுழைந்தால் காலையில் கூட்டம் குறைவாக இருக்கும். கி.மு. 70ஐ ஒட்டிக் கட்டப்பட்ட இவ்வட்டரங்கு, கல்லால் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் உரோமானிய அரங்குகளில் மிகப் பழையது. அருகிலேயே 'தப்பியோடியோர் தோட்டம்' உள்ளது. உடல்கள் மக்கி இறுகிய சாம்பலில் ஏற்பட்ட வெற்றிடங்களில் சாந்து ஊற்றி வார்ப்பெடுக்கும் முறையை 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி கையாண்டார். அம்முறையில் எடுக்கப்பட்ட 13 பேரின் வார்ப்புகள், சிறுவர்களுடையது உட்பட, அவர்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. விரைந்து கடந்துவிடும் இடமல்ல இது.

அங்கிருந்து கடைத்தெருவான அப்பொந்தான்சா வழியாக மேற்கே மன்றத்துக்கும், பிறகு ஹெர்குலேனியம் வாயிலைக் கடந்து கல்லறைத் தெரு வழியே மர்மங்களின் மாளிகைக்கும் செல்லலாம். நகருக்கு வெளியே உள்ள இம்மாளிகை சாதாரணச் சீட்டில் அடங்காது. புறநகர் மாளிகைகளும் சேர்ந்த சீட்டு வாங்க வேண்டும். பெரிய பைகளுக்கு அனுமதியில்லை.

காப்ரியில்

காப்ரி சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சுண்ணாம்புப் பாறைத் தீவு. மிக உயரமான சொலாரோ மலை 589 மீட்டர். துறைமுகத்திலிருந்து ஊர்ச் சதுக்கத்துக்கு இழுவைத் தொடர்வண்டி ஏறுகிறது. நீலக் குகைக்கு வரிசையில் நிற்பது நடப்பவரின் பாதி நாளைத் தின்றுவிடும், அதை விட்டுவிடலாம்.

சதுக்கத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் வில்லா யோவிஸ். கி.பி. 27 முதல் 37 வரை பேரரசர் திபேரியஸ் காப்ரியிலிருந்தே ஆண்டார். இதுவே அவருடைய முதன்மை மாளிகை. நீர்வளம் குறைந்த தீவு என்பதால், மழைநீரைச் சேமிக்கும் பெருந்தொட்டிகளைச் சுற்றியே மாளிகை எழுப்பப்பட்டுள்ளது. குறைந்த நேரமே திறந்திருப்பதால் இதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

இறங்கும் வழியில் பிரிந்தால் இயற்கை வளைவுப் பாறை. அதற்குக் கீழே நீண்ட படிக்கட்டு மாதர்மானியா குகைக்கும், கடலை ஒட்டிய பிட்சொலுங்கோ பாதைக்கும் கொண்டுசெல்கிறது. ஃபராலியோனி பாறைகள் தெரியும் திரகாராவில் பாதை முடிகிறது. எதிர்த்திசையில் வந்தால் அப்படிக்கட்டு முழுவதையும் ஏற வேண்டியிருக்கும்.

கால்களில் வலு மிஞ்சினால் அனகாப்ரிக்கு ஏறும் 921 படிகள் இருக்கின்றன. 'பினீசியப் படிகள்' என்று பெயர், கட்டியவர்கள் கிரேக்கர்களே. முழங்கால் வலி உள்ளவர்கள் பேருந்தில் ஏறலாம். கடைசிப் படகின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். திரும்பும் சீட்டைக் காலையில் துறைமுகத்தில் இறங்கியவுடனேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.