அதிர்வு நின்றால் தாமதம் கூடாது

புதுதில்லி: ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாக முற்றிய சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாவதாகக் கூறி, தேசிய டயாலிசிஸ் திட்டத்தை 2016 பிப்ரவரி 29 அன்று மக்களவையில் அறிவித்தார் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. மாவட்ட மருத்துவமனைகளுக்கு இயந்திரங்கள் வந்தன. ஆனால், இயந்திரத்துக்கு ரத்தம் செல்லும் வழியே அடைபட்டால்?

கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவே அந்த வழி. அதில் ரத்தம் உறைந்தால், மருந்தால் கரைக்கலாம். பலூன் குழாயால் அகற்றலாம். சுருங்கிய நாளத்தை விரிக்கலாம். ஓரிரு நாள்களுக்குள் செய்தால் வழியைக் காக்கும் வாய்ப்பு அதிகம்.

சிறுநீரக நோய்களுக்கென்றே பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் கர்நாடக அரசின் தனி நிறுவனம் இயங்குகிறது. தொலைதூர மாவட்ட நோயாளிக்கோ பயணத்திலேயே நேரம் கரைகிறது. தினமும் கையைத் தொட்டுப் பார்த்து, ஃபிஸ்டுலாவின் அதிர்வு நின்றால் உடனே மருத்துவரை அணுகுவதே நோயாளி செய்யக்கூடியது. அடைப்பை நீக்கும் வசதியை அருகிலேயே தருவது அரசின் கடமை.