சுருங்கிய நுரையீரலில் ஒரு புள்ளி

சிடி ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார். நுரையீரல் நன்றாக விரிந்திருக்கும். ஆபரேஷன் மேசையிலோ, கருவிகள் உள்ளே நுழைய இடம் வேண்டும் என்பதற்காக கட்டி உள்ள பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திச் சுருங்க வைப்பார்கள். படத்தில் பார்த்த 8 மில்லிமீட்டர் கட்டி இப்போது எங்கே?

மார்பைத் திறந்து அறுவை செய்த காலத்தில் விரலால் தடவித் தேடினார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளையிட்டுக் கேமரா வழியே செய்யும்போது விரலுக்கு அவ்வளவு இடமில்லை. அதிலும் ஸ்கேனில் மங்கிய கண்ணாடிபோல் தெரியும் மென்மையான கட்டிகள் தொட்டாலும் தட்டுப்படுவதில்லை.

ஆகவே முதலில் அடையாளம் வைக்க வேண்டும். ஸ்கேன் அறையில் ஊசி வழியாகக் கட்டியருகே கொக்கிக் கம்பியை மாட்டி, பிறகு நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவது பழைய முறை. வழியில் கம்பி நழுவலாம். குத்திய இடத்தில் காற்றும் கசியலாம். இரு நுரையீரலிலும் ஒருசேரக் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

ஹைப்ரிட் தியேட்டரில் ஸ்கேன் கருவியே மேசைக்கு வருகிறது. 'சி' வடிவக் கை நோயாளியைச் சுற்றிவந்து, சில நொடிகளில் முப்பரிமாணப் படம் தருகிறது. பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையிலும் தைவான், ஹாங்காங் மருத்துவமனைகளிலும் இம்முறை வளர்ந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே அடையாளம் வைத்து, அதே மேசையில் கட்டியை அகற்றிவிடலாம். கம்பிக்குப் பதில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தையும் செலுத்துகிறார்கள். 1959 முதல் மருத்துவத்தில் புழங்கும் இச்சாயம், அகச்சிவப்புக் கேமராவில் ஒளிர்ந்து இடத்தைக் காட்டும்.

இரு பக்கமும் கட்டி இருந்தால் கணக்கே வேறு. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போகும்போது, சற்றுமுன் வெட்டித் தைத்த நுரையீரல்தான் தனியாக மூச்சைத் தாங்கியாக வேண்டும். எனவே எவ்வளவு குறைவாக வெட்டுகிறோம் என்பதே இங்கே முக்கியம். வலது நுரையீரலில் 3 மடல், இடதில் 2. ஒரு மடலையே எடுப்பதுதான் நுரையீரல் புற்றுநோய்க்கு நெடுங்காலம் விதியாக இருந்தது. 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, நுரையீரலின் வெளி ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்கு மிகாத ஆரம்பகாலப் புற்றுக்கட்டி உள்ள 1,106 பேரை ஆராய்ந்தது. மடலின் ஒரு பிரிவை மட்டும் எடுத்தவர்களின் ஆயுள், முழு மடலை இழந்தவர்களைவிடக் குறையவில்லை.

இத்தனை வசதி இருந்தும், தென்படும் கட்டியையெல்லாம் வெட்டுவதில்லை. பல கட்டிகள் பழைய காசநோயின் தழும்புகளாகவே இருக்கும். அவற்றைச் சில மாத இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். வெட்டத் தொடங்கிய பிறகும் முதல் பக்கம் முடிந்ததும் ஆக்ஸிஜன் அளவு இறங்கினால், மறுபக்கத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள்.