அகக் களஞ்சியமும் புறக் களஞ்சியமும்

உழவன் தான் அறுவடை செய்த நெல் முழுவதையும் அடுக்களையில் குவித்து வைப்பதில்லை. அன்றாட உணவிற்கு வேண்டிய அரிசி பானையில் இருக்கும். சில திங்களுக்கு உரிய நெல் வீட்டுக் குதிரில் இருக்கும். எஞ்சியது களஞ்சியத்தைச் சேரும். விதைநெல்லோ இவற்றுள் எதனோடும் கலவாமல் தனியே காக்கப்படும். இடம் சிறிதாயினும், வகுத்து வைக்கத் தெரிந்தவனுக்கு இடர்ப்பாடு இல்லை. இவ்வறிவு உழவனுக்கு மட்டுமன்றிக் கணிப்பொறியைக் கையாள்வோர்க்கும் இன்றியமையாதது.

சென்னை மாநகரின் மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்துச் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடியாகும். நகருக்கு நீர் வழங்கும் பொருட்டுக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இத்தகைய நீர்நிலைகளில் தேக்கிய நீரே தூய்மை செய்யப்பட்டு, வீட்டின் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து அடுக்களைக் குடத்திற்கு வருகிறது. குடத்து நீர் கைக்கு எட்டுவது, ஆனால் சிறிது. ஏரி நீர் பெரிது. ஆனால் வந்து சேரக் காலம் ஆகும். அண்மையும் அளவும் ஓரிடத்தில் ஒருங்கே அமைதல் அரிது. ஆதலின் மூன்றும் வேண்டியிருக்கின்றன.

கணிப்பொறியிலும் இம்மூன்று நிலைகளைக் காணலாம். அப்போதைக்கு நடைபெறும் வேலைக்கு உரியவற்றை ஏந்தி நிற்பது ‘ரேம்’ எனப்படும் நினைவகம். அது குடம் போன்றது. மின்சாரம் நின்றால் அதில் உள்ளவை மறைந்துவிடும். மின்சாரம் நின்ற பின்னும் அழியாமல் கோப்புகளைக் காப்பது கணிப்பொறியினுள்ளேயே பொருத்தப்பட்ட சேமிப்பகம். இது மேல்நிலைத் தொட்டி போன்றது. கம்பி வழியே வெளியிலிருந்து இணைக்கப்படும் வன்தட்டு ஏரியை ஒத்தது. வன்தட்டினை மக்கள் ‘ஹார்டு டிஸ்க்’ என்று வழங்குவர்.

வன்தட்டின் வரலாறு வியப்பிற்குரியது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள அக்கருவி கொண்டது 50 இலட்சம் எழுத்துக்குறிகளே. இன்று விரல்நகம் அளவான ஓர் அட்டை அதனினும் இலட்சம் மடங்கிற்கு மேல் கொள்கிறது. எனினும் இடப்பற்றாக்குறை மட்டும் நீங்கவில்லை. கொள்கலம் பெரிதாகுந்தோறும் அதனை நிரப்பும் பொருளும் பெருகி வருதலே இதற்குக் காரணம்.

எப்பொருள் எவ்வளவு இடம் கொள்ளும் என்பதை அறிந்தாலன்றி வகுத்தல் இயலாது. கணிப்பொறி இடத்தைப் ‘பைட்’ என்னும் அலகால் அளக்கிறது. யூனிகோடு குறியேற்றத்தின் யு.டி.எஃப்-8 என்னும் முறையில், ‘தமிழ்’ என்னும் சொல் 15 பைட் இடம் பெறும். தகரத்திற்கு 3, மகரமும் இகரக் குறியும் சேர்ந்த ‘மி’ என்பதற்கு 6, ழகரமும் புள்ளியும் சேர்ந்த ‘ழ்’ என்பதற்கு 6. ஏறத்தாழப் பத்து இலட்சம் பைட் ஒரு மெகாபைட். ஆயிரம் மெகாபைட் ஒரு ஜிகாபைட். ஆயிரம் ஜிகாபைட் ஒரு டெராபைட். இக்கணக்கின்படி 300 பக்கமுள்ள ஒரு தமிழ் நூலின் எழுத்துகள் அனைத்தும் ஒன்று அல்லது இரண்டு மெகாபைட்டில் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படமோ மூன்று நான்கு மெகாபைட் வேண்டும். ஒரு மணி நேரம் எடுத்த காணொளி பல ஜிகாபைட் கொள்ளும். ஒரு காணொளியை வெளியேற்றினால் ஒரு நூலகத்திற்கு இடம் பிறக்கும் எனலாம்.

ஒரு டெராபைட் என்று விலைக்கு வாங்கிய வன்தட்டு, கணிப்பொறியில் 931 ஜிகாபைட் என்று காட்டுவதைக் கண்டு சிலர் ஏமாற்றமடைவர். இதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அளவுகோல் வேறுபடுகிறதேயன்றிப் பொருள் குறைவதில்லை.

இனி, எதனை உள்ளே வைப்பது, எதனை வெளியே வைப்பது என்பதை ஆராய்வோம். கணிப்பொறியை இயக்கும் ஆணைத்தொகுதியும், நாள்தோறும் பயன்படும் செயலிகளும், முடியாத நிலையில் உள்ள பாடவேலைகளும் உள்ளே இருத்தல் வேண்டும். உட்சேமிப்பகம் விரைவுடையது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு இன்மையின், அது சுழல்தட்டினும் பன்மடங்கு விரைந்து இயங்கும். முடிந்துபோன வேலைகள், சென்ற ஆண்டுகளின் படங்கள், திரைப்படங்கள், காணொளிகள் ஆகியவை வெளியே செல்லலாம். அவற்றைத் திறக்கச் சிறிது காலம் தாழ்த்தாலும் தீங்கில்லை. உட்சேமிப்பகத்தைக் கழுத்தளவும் நிரப்புதல் தவறு. நினைவகம் போதாத பொழுது கணிப்பொறி உட்சேமிப்பகத்தின் ஒரு பகுதியையே துணைக்குக் கொள்ளும். அங்கும் இடம் இல்லையேல் வேலை தளரும். ஆகவே பத்தில் ஒன்றேனும் வெற்றிடமாக விடுதல் நன்று.

வெளியே அனுப்புவதற்கும் முறை உண்டு. முதலில் கோப்பினைப் புறவன்தட்டில் படியெடுக்க வேண்டும். பின்னர் அப்படியைத் திறந்து, குறையின்றி அமைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே உள்ளிருக்கும் கோப்பினை நீக்க வேண்டும். பாடம், ஆண்டு, பொருள் என்று பெயரிட்ட உறைகளில் அடுக்கி வைத்தால் தேடும் உழைப்பு மிஞ்சும். பழைய ‘ஃபேட் 32’ அமைப்புடைய கருவியில் நான்கு ஜிகாபைட்டிற்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது. ‘எக்ஸ்ஃபேட்’ அமைப்பில் அத்தடை இல்லை. கம்பியைத் திடீரெனப் பிடுங்குதலும் கூடாது. எழுதி முடித்ததாகத் திரையில் தோன்றினும், சில பகுதிகள் எழுதப்படாமல் காத்திருத்தல் உண்டு. நீக்குமாறு கணிப்பொறிக்கு முறைப்படி ஆணையிட்ட பின்னரே கழற்ற வேண்டும். சுழலும் தட்டினைக் கீழே தவற விட்டால், அதன் மேல் நூலிழையினும் குறைந்த இடைவெளியில் நிற்கும் முனை தட்டினைக் கீறிவிடும்.

இவ்வளவும் இடத்தைப் பற்றியவை. இனிக் கூறப்படுவது காவலைப் பற்றியது. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி இழப்பெய்துகின்றனர். நீர் ஏரியிலிருந்து தொட்டிக்கு வந்தால் ஏரியில் அவ்வளவு குறையும். கோப்போ படியெடுக்கப்பட்டால் இரண்டிடத்தும் முழுமையாக இருக்கும். ஆனால் உள்ளிருந்து நீக்கிப் புறவன்தட்டில் மட்டும் வைத்த கோப்பு மீண்டும் ஓரிடத்துப் பொருளே ஆகிறது. அவ்வொரு தட்டு பழுதுற்றால் அனைத்தும் போகும். எவ்வன்தட்டும் என்றோ ஒரு நாள் பழுதுறுவதே; முன்னறிவிப்பின்றிப் பழுதுறுவதும் உண்டு. பகிர்ந்து வைத்தல் இடம் தரும். படியெடுத்து வைத்தலே காவல் தரும்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலைச்சுவடி செல்லரித்தும் சிதைந்தும் போகும் இயல்பினது. ஆதலின் பழைய ஏடு அழியுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சிட்டபொழுது, பல இடங்களிலிருந்து சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். ஓரிடத்துச் சுவடியில் சிதைந்த அடி மற்றோரிடத்துச் சுவடியில் நிறைவாக இருந்தது. படிகள் பல ஊர்களில் பரந்து கிடந்தமையால் அன்றோ அந்நூல் பிழைத்தது? ஒரே படியாக இருந்து அழிந்த நூல்களின் பெயர் மட்டும் இன்று உரைகளில் எஞ்சி நிற்கிறது.

அண்மைக் காலத்துச் சான்றும் ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் வீடுகளுள் புகுந்தது. பள்ளிச் சான்றிதழ்களும் பத்திரங்களும் நனைந்து அழிந்தன. அரசு சிறப்பு முகாம்கள் அமைத்து அவற்றின் நகல்களை வழங்கியது. அவற்றின் பதிவுகள் வேறிடத்தில் இருந்தமையால் அது இயன்றது. ஆனால் ஒரு குடும்பத்தின் திருமணப் படத்தையோ, மறைந்த பாட்டியின் குரற்பதிவையோ எந்த அலுவலகம் மீட்டுத் தர வல்லது? அவற்றிற்கு வேறிடத்தில் படி இருந்தாலன்றி மீட்சி இல்லை. பெட்டியினுள் கணிப்பொறியும் அதன் அருகே புறவன்தட்டும் இருந்தால், ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும்.

ஆகவே அறிஞர் ஒரு விதி வகுத்துள்ளனர். இன்றியமையாத கோப்பிற்கு மூன்று படிகள். அவை இருவேறு வகைக் கருவிகளில். அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் அல்லது வேற்றிடத்தில். மூன்றாம் படியை உறவினர் வீட்டில் வைக்கலாம்; இணையக் கிடங்கிலும் வைக்கலாம். ‘மேகம்’ என்று அதனைப் புனைந்துரைப்பினும், அது வானில் மிதப்பதன்று. அம்பத்தூர் போன்ற இடங்களில் எழுந்துள்ள தரவு மையக் கட்டடங்களில், அடுக்கடுக்காக நிற்கும் கணிப்பொறிகளே அம்மேகம்.

எல்லாவற்றிற்கும் மூன்று படி எடுத்தல் வேண்டுவதில்லை. மீண்டும் பெறத்தக்க திரைப்படத்திற்கு ஒரு படியே மிகுதி. தாமே எழுதிய கட்டுரை, தம் குடும்பத்துப் படங்கள், முதியோர் குரல் ஆகியவையே விதைநெல் போன்றவை. பானை அரிசி தீர்ந்தால் கடன் வாங்கலாம். குதிர் வெறுமையானால் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கலாம். விதைநெல்லை இழந்தவனுக்கு அடுத்த அறுவடையே இல்லை. தம்மிடம் உள்ளவற்றுள் விதைநெல் எது என்று அறிந்து, அதனை முதலில் காத்தல் மாணவர் கடமையாகும்.