நிமிர் பியானோவின் உட்பொறியும் அதன் செப்பமும்

வீணை வாசிப்போன் தந்தியைத் தன் விரலாலேயே தீண்டுகின்றான். குழல் ஊதுவோன் தன் மூச்சையே ஒலியாக்குகின்றான். பியானோ வாசிப்போனுக்கு அத்தகைய நேர்த்தொடர்பு இல்லை. அவன் விரலுக்கும் தந்திக்கும் இடையே மரமும் கம்பளியும் தோலும் சுருள்வில்லும் கொண்ட பொறியொன்று நிற்கின்றது. அப்பொறி செவ்வனே இயங்கினாலன்றி விரலின் கருத்துத் தந்தியைச் சென்று சேராது. சுருதி கூட்டுதல் வேறு. இப்பொறியைச் செப்பஞ் செய்தல் வேறு. முன்னது தந்தியின் இறுக்கத்தைப் பற்றியது. பின்னது கட்டையின் அசைவைப் பற்றியது. சுருதி முற்றும் சேர்ந்த கருவியும் பொறி தளர்ந்திருப்பின் நன்கு வாசித்தற்கு உதவாது.

1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்சு நகரில் கிறிஸ்தோபோரி என்பவர் இக்கருவியை முதன்முதல் அமைத்தார். அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் ஒன்றே. சுத்தியல் தந்தியைத் தாக்க வேண்டும். தாக்கியவுடன் விலகவும் வேண்டும். விலகாது தந்தியிலேயே அழுந்தி நிற்குமாயின், தான் எழுப்பிய ஒலியைத் தானே அடக்கிவிடும். எனவே, தந்தியை எட்டுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் விடுவிக்கப்பெற்று, எஞ்சிய தூரத்தைத் தன் வேகத்தாலேயே கடத்தல் வேண்டும். பிற்காலத்தில் தந்திகளை நிமிர்த்தி நிறுத்திய நிமிர் பியானோவிலும் இக்கோட்பாடே நிலவுகின்றது.

அதன் இயக்கம் வருமாறு: கட்டையின் முன்பகுதி தாழப் பின்பகுதி உயரும். பின்பகுதியிலுள்ள திருகுகுமிழ் ஓர் இடைநெம்புகோலை உயர்த்த, அதன்மேல் நிற்கும் உந்துகோல் சுத்தியலின் அடிப்பகுதியைத் தள்ளும். சுத்தியல் தந்தியை நெருங்கும்போது உந்துகோலின் கால் ஒரு தடைக்குமிழில் முட்டும். உடனே உந்துகோல் சாய்ந்து விலக, சுத்தியல் தனியே சென்று தாக்கி மீளும். மீளும் சுத்தியலைப் பிடிப்பான் என்னும் உறுப்பு இடைவழியிற் பற்றிக்கொள்ளும்.

செப்பஞ் செய்தலில் முறைவைப்பு இன்றியமையாதது. முதலாவதாகத் தூசு நீக்கித் தளர்ந்த திருகாணிகளை இறுக்கல் வேண்டும். அடுத்து, கட்டைகளின் நடு ஆணியில் மெல்லிய காகித வளையங்களை இட்டும் எடுத்தும் கட்டைகள் யாவற்றையும் ஒரே மட்டத்திற்குக் கொணர்தல் வேண்டும். ஓய்வுநிலையில் சுத்தியல் தந்தியிலிருந்து ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் தள்ளி நிற்பது வழக்கம். பின்னர் திருகுகுமிழைத் திருகி, கட்டைக்கும் சுத்தியலுக்கும் இடையிலுள்ள வீண் அசைவைப் போக்கல் வேண்டும். குமிழ் தாழ்ந்திருப்பின், கட்டை சிறிது தாழ்ந்த பின்னரே சுத்தியல் அசையும். மிக உயர்ந்திருப்பின், உந்துகோல் தன் இடத்திற்கு மீளாமையால் அடுத்த அடி தவறும். அதன்பின், தந்திக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தொலைவில் சுத்தியல் விடுபடுமாறு தடைக்குமிழ் திருத்தப்படும். கட்டை தாழும் ஆழம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர்; இது முன் ஆணியின் காகித வளையங்களால் அமையும். ஈற்றில் பிடிப்பான் சுத்தியலைத் தந்தியிலிருந்து ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் தொலைவிற் பற்றுமாறும், சுத்தியல் பாதி வழி சென்றபோது ஒலியடக்கி தந்தியை விட்டு விலகத் தொடங்குமாறும் திருத்தப்படும். கருவியை ஆக்கியோர் வேறு அளவு குறித்திருப்பின் அதுவே கொள்ளத்தக்கது.

இம்முறையை மாற்றுவோர் செய்த வேலையையே மீண்டும் செய்ய நேரும். கட்டையின் மட்டம் மாறினால் வீண் அசைவு மாறும்; வீண் அசைவு மாறினால் சுத்தியல் விடுபடும் நேரமும் மாறும். 88 கட்டைகளுள் ஒன்று வேறுபடினும் வாசிப்போன் விரல் அதனை உணரும்.

ஐரோப்பியத் தட்பவெப்பத்திற்கென ஆக்கப்பெற்ற கருவி கண்டி மலைப்புறத்தில் தனித் துன்பத்திற்கு உள்ளாகின்றது. 1893இல் நிறுவப்பெற்ற குருமடத்தாற் பெயர்பெற்ற அம்பிட்டிய, கண்டி நகரை அடுத்த குன்றுப்புறத்தில் உள்ளது. இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் மரமும் கம்பளியும் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. சுத்தியல்கள் சோம்பி மீள்கின்றன. வறண்ட மாதங்களில் மரம் சுருங்கத் திருகாணிகள் தளர்ந்து ஒலிக்கின்றன. ஆதலின் கருவியை ஈரச் சுவரோடு ஒட்டியும் வெயில் விழும் சன்னலருகிலும் வைத்தல் தகாது. இறுகிய மூட்டுகளுக்கு எண்ணெய் இடுதல் பெருந்தவறு. அது கம்பளியில் ஊறித் தூசைச் சேர்த்துப் பிசினாகும்.

இவ்வளவு நுட்பம் எதற்கெனின், பயில்வோன் பொருட்டேயாம். இலண்டன் இசைத்தேர்வுக்கெனப் பயிலும் சிறுமியொருத்தி மெல்லொலியை எழுப்ப முயன்று தவறுகின்றாள் எனக் கொள்வோம். விரலுக்கு வலிவில்லை என்று அவளைக் கடிதல் எளிது. ஆனால் வீண் அசைவு மிக்க கருவியில் மெல்ல அழுத்தினால் ஒலி பிறவாது. ஒலி பிறக்க வேண்டி அவள் வன்மையாக அடிக்கப் பழகுகின்றாள். அப்பழக்கம் நல்ல கருவியை அடைந்த பின்னும் அவளை விட்டு நீங்குவதில்லை. அரைத் திருகில் தீரக்கூடிய குறை ஆண்டுக்கணக்கில் கையைக் கெடுத்துவிடுகின்றது. ஆதலின் மாணாக்கரின் குறையை ஆராயப் புகும் ஆசிரியர், முதலிற் கருவியின் மூடியைத் திறந்து பார்த்தல் அறமாகும்.