சாம்பிள் குழாயும் 28 ஆண்டு இழுபறியும்

தண்ணீர்க் குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஹார்டுவேர் கடை எல்லாவற்றிலும் தொங்குகிறது. அதே டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தால், அறுந்துபோகாமல் நுண்துளைகளோடு நீளும். இதை 1969இல் கண்டவர் அமெரிக்காவின் பாப் கோர். அப்படி இழுத்த குழாயை, கெட்டுப்போன இரத்தக் குழாய்க்கு மாற்றாக உடம்பில் வைத்துத் தைக்கிறார்கள்.

இந்தக் குழாயை வைத்து நடந்த வழக்கு, சரக்கு விற்கும் நாமும் அறிய வேண்டியது.

கோர் கம்பெனியில் பீட்டர் கூப்பர் என்பவர் பலவகைக் குழாய்களைச் செய்து, சோதனைக்காக டாக்டர்களுக்கு அனுப்பினார். அப்படிப் பெற்றவர்களில் ஒருவர் அரிசோனா அறுவை மருத்துவர் டேவிட் கோல்ட்ஃபார்ப். 1973இல் விலங்குகளுக்கு வைத்துப் பார்த்தார். குழாய்ச் சுவரில் முடிச்சுக்கு முடிச்சு ஓடும் நுண்ணிழை குறிப்பிட்ட நீளத்தில் இருந்தால்தான் உடம்பின் திசு உள்ளே வளர்ந்து பிடிக்கும் என்று கண்டார்.

1974 ஏப்ரலில் கூப்பர் காப்புரிமை மனு போட்டார். அக்டோபரில் கோல்ட்ஃபார்ப் போட்டார். அந்நாளில் அமெரிக்காவில் முதலில் மனு போட்டவருக்கு அல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. "குழாய் எங்களுடையது, ஆகவே அவர் சோதனையின் பலனும் எங்களுக்கே" என்பது கூப்பர் தரப்பு வாதம். இழை நீளம் பற்றிய விஷயத்தை அவர் டாக்டருக்குச் சொல்லவேயில்லை என்று கூறி, 2001இல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. சரக்கு ஒருவருடையது, சூட்சுமம் மற்றவருடையது! நம்மில் எத்தனை பேர் சாம்பிள் பொட்டலத்துக்குச் சீட்டு எழுதுகிறோம்?

2002இல்தான் காப்புரிமை கோல்ட்ஃபார்புக்குக் கிடைத்தது. மனு போட்டு 28 ஆண்டுகள்! பிறகு அந்த உரிமையைப் பெற்றிருந்த பார்ட் கம்பெனி, கோர் மேல் வழக்கு நடத்தியது. 2007இல் ஜூரி சுமார் 18.5 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. 2009இல் நீதிபதி அதை இரட்டிப்பாக்கினார். 2015இல் மேல் நீதிமன்றமும் உறுதி செய்தது.

நம் நாட்டில் முறை வேறு. இங்கே முதலில் மனு போட்டவருக்கே முன்னுரிமை. உரிமைக் காலம் மனு தேதியிலிருந்து 20 ஆண்டு. (அமெரிக்காவும் 2013இல் இந்த வழிக்கு வந்துவிட்டது.) ஊரறியப் பழக்கத்துக்கு வந்துவிட்ட செய்முறைக்குப் பின்னால் போய் மனு போட்டால் நிற்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் புதிதாக ஒரு செய்முறை கண்டால், சாம்பிளை வெளியே அனுப்புவதற்கு முன்பே மனு கொடுப்பது நல்லது. காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது.